இரட்டிப்புத் தொகைக்கு ஒரு கொலை

கொலை செய்தது யார் என்பதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து கடைசி ரீலில் அவிழ்ப்பதுதான் துப்பறியும் படங்களின் வழக்கம். பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) அந்த முடிச்சை ஆரம்பத்திலேயே அவிழ்த்து வீசிவிடுகிறது. குண்டடி பட்ட ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஊர் உறங்கும் நேரத்தில் தன் அலுவலகத்துக்குத் தள்ளாடி வருகிறான். டிக்டஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு, கொன்றது நான்தான் என்று தன் சக ஊழியருக்கு வாக்குமூலம் சொல்ல ஆரம்பிக்கிறான். பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறான். அதற்கப்புறமும் ஒன்றே முக்கால் மணி நேரம் நம்மால் நாற்காலியை விட்டு எழ முடிவதில்லை.

கதை சிறியது. வால்டர் நெஃப் என்ற ஏஜென்ட், கார் பாலிசியைப் புதுப்பிக்கப் போன வீட்டில் ஃபில்லிஸைப் பார்க்கிறான். இருவருமாகச் சேர்ந்து, அவள் கணவனுக்கே தெரியாமல் விபத்துப் பாலிசியில் அவனிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சாவு ரயிலில் நேர்ந்தால் 50,000 டாலர் 1,00,000 டாலராகும். ஜேம்ஸ் எம். கெய்ன் இதை 1936இல் ‘லிபர்ட்டி’ பத்திரிகையில் தொடராக எழுதினார். 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்குதான் அதற்கு விதை. தணிக்கைக்காரர்கள் முகம் சுளித்ததில், கதை பல வருஷம் ஸ்டூடியோக்களில் கிடப்பில் கிடந்தது.

வைல்டரின் வழக்கமான கூட்டாளி சார்ல்ஸ் பிராக்கெட், இந்த அழுக்கு எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். வந்து சேர்ந்தவர் ரேமண்ட் சாண்ட்லர். துப்பறியும் நாவல்களில் பெயர் பெற்றவர்தான், ஆனால் திரைக்கதை எழுதி அறியாதவர். இருவருக்கும் ஒட்டவேயில்லை. வைல்டர் அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை, கைத்தடியை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், பெண்களோடு ஓயாமல் போனில் பேசுகிறார் என்று சாண்ட்லர் ஸ்டூடியோவுக்குப் புகார்ப் பட்டியலே கொடுத்தார். ஆனால் ஒரு விஷயத்தை அவர்தான் சரியாகப் பிடித்தார். கெய்னின் வசனம் கண்ணால் படிக்கத்தான் நன்றாயிருக்கும், வாயால் பேசினால் நிற்காது என்றார். ஆகவே வசனம் புதிதாக எழுதப்பட்டது. முதல் சந்திப்பில் நெஃபும் ஃபில்லிஸும் வேக வரம்பு, போலீஸ்காரர், அபராதம் என்று கொஞ்சலும் சீண்டலுமாகப் பேசிக்கொள்ளும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே சாண்ட்லரின் புகார்களை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

படத்தின் உச்சம் கொலை அல்ல. கொலையை வைல்டர் காட்டவே இல்லை. பின்சீட்டில் நெஃப் பதுங்கியிருக்கிறான், ஃபில்லிஸ் ஹாரனை அழுத்துகிறாள், பக்கத்தில் கணவன் திணறும் சத்தம் மட்டும் கேட்கிறது. கேமரா, ஃபில்லிஸாக நடிக்கும் பார்பரா ஸ்டான்விக்கின் முகத்தை விட்டு நகர்வதில்லை. அந்த முகத்தில் பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. கொஞ்சம் திருப்தி தெரிகிறது, அவ்வளவுதான்.

உச்சம் அடுத்து வருகிறது. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், கார் கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டர் முனகி முனகி அடங்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இஞ்சின் பிடித்துக்கொள்ளாதா என்று நாமும் தவிக்கிறோம். ஒரு மனிதனைக் கொன்றவர்கள் தப்பிக்கவேண்டும் என்று, டிக்கெட் வாங்கிய நல்ல மனிதர்களை வேண்டிக்கொள்ள வைத்துவிடுகிறார் வைல்டர். அந்தக் காட்சி முதலில் இல்லை. படப்பிடிப்பு முடிந்து புறப்படும்போது வைல்டரின் சொந்தக் கார் கிளம்பவில்லை. உடனே தளத்துக்கு ஓடிப்போய் இதைச் சேர்த்துப் படமாக்கினார்.

நெஃபின் வீட்டுக் கதவிலும் ஒரு தந்திரம் உண்டு. ஃபில்லிஸ் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அது வெளிப்பக்கமாக, நடைபாதைக்குத் திறக்கிறது. எந்த அடுக்குமாடி வீட்டில் கதவு அப்படித் திறக்கும்? படம் ஓடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். சைட்ஸ், பலகணித் திரைகளின் பட்டைகள் வழியே வெளிச்சத்தைக் கீற்றுக் கீற்றாக விழவிட்டார். காற்றில் தூசி மிதப்பது தெரிய அலுமினியத் தூளைத் தூவினார். வசதியான வீடுதான், ஆனால் ஜன்னல் திறந்து எத்தனை நாளாயிற்றோ என்று தோன்றும். பின்னாளில் இந்தத் தோரணைக்கு என்றே ஒரு ‘நுவார்’ பாணி உருவாயிற்று. பாணியைக் கற்றவர்கள் பலர், தூசியைக் கவனித்தவர்கள் குறைவு.

ஸ்டான்விக்கின் அந்தப் பொன்னிற விக் மட்டும் இன்றும் கண்ணை உறுத்துகிறது. ஸ்டான்விக்கைக் கேட்டால் ஜார்ஜ் வாஷிங்டனை அனுப்பியிருக்கிறார்களே என்று ஸ்டூடியோ தலைவரே கிண்டலடித்தார். உறுத்தட்டும் என்பேன். அவளிடம் எதுதான் அசல்?

ஆனால் படத்தின் காதல் கதை வேறு இடத்தில் இருக்கிறது. க்ளெய்ம் அதிகாரி பார்ட்டன் கீஸாக வரும் எட்வர்ட் ஜி. ராபின்சன், பொய் க்ளெய்ம் வந்தால் ஜீரணம் கெட்டுப்போகிற ஆள். தற்கொலைகளை விஷ வகை வாரியாக, குதித்த இடம் வாரியாக மேலதிகாரி முன் மூச்சுவிடாமல் அடுக்கி, மெதுவாகப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து குதித்து எவனும் சாக நினைக்கமாட்டான் என்று முடிக்கும் காட்சியில் அவர் நடிப்பு சங்கீதம். அவர் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்ததே இல்லை. அவர் சுருட்டுக்கு நெஃப்தான் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் நகத்தால் குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கிறான். நெஃப் விஷவாயு அறையில் சாவதை கீஸ் பார்த்து நிற்பதாக ஒரு முடிவைப் பெருஞ்செலவில் எடுத்துவிட்டு, வைல்டர் அதை வெட்டி எறிந்தார். அந்த இருவருக்கும் இடையில் சொல்லவேண்டியது அலுவலக வாசலிலேயே முடிந்துவிட்டது என்ற அவர் கணக்கு சரி.

ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படம் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அந்த வருஷம் ‘கோயிங் மை வே’ அள்ளிக்கொண்டு போயிற்று. பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று: சுமார் பதினாறாவது நிமிடத்தில் கீஸின் அறையிலிருந்து நெஃப் வெளியே வரும்போது, நடையில் ஒருவர் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். தலையைத் தூக்கி நெஃபை ஒரு பார்வை பார்ப்பார். அவர்தான் சாண்ட்லர்.