ஒரு சோறும் ஒரு நாடும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தேர்தல் வந்துவிட்டால் இந்தப் பழமொழி அடுக்களையை விட்டுப் புறப்பட்டு ஏடுகளின் முகப்பில் வந்து அமர்ந்துகொள்கிறது. ஆயிரம் பேரைக் கேட்டோம். கோடிப் பேரின் எண்ணம் இதுதான் என்கிறார் கணிப்பாளர். மக்களின் மனத்தை மக்களுக்கே எடுத்துரைக்கும் இத்தொழில் நடக்கும் முறை யாது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அளக்கப்படுவது நம் வாக்கன்றோ!

பழமொழியில் பொய்யில்லை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. இடையிடையே கிளறியும் விடுகிறார்கள். ஆகவே ஒரு பருக்கை பானைக்கெல்லாம் சாட்சி கூறுகிறது. நாடு அத்தகைய பானைதானா? மாளிகைக்கு ஒரு நெருப்பு, குடிசைக்கு ஒரு நெருப்பு என எரியும் இடத்தில், மேலாக அள்ளிய பருக்கை அடியில் கிடப்பதைப் பற்றி என்ன அறியும்?

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்றொரு கிழமை ஏடு இருந்தது. 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் வெல்பவர் யார் என முன்கூட்டியே உரைத்துப் பெரும்புகழ் ஈட்டிய ஏடு. 1936இல் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் களத்தில் நின்றபோது, ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிற்று. 23 இலட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லாண்டனுக்கு 57 விழுக்காடு என்று முழங்கிற்று. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குப் பெற்று, 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். லாண்டனுக்கு வாய்த்தவை மெயின், வெர்மான்ட் என்னும் இரண்டே! 1938இல் அந்த ஏடே மறைந்தது.

23 இலட்சம் பேர் சேர்ந்து பொய் சொன்னார்களா? இல்லை. அவர்களுடைய முகவரிகள் எங்கிருந்து திரட்டப்பட்டன என்று பாருங்கள். தொலைபேசி வைத்திருப்போர் பட்டியல். மோட்டார் கார் வைத்திருப்போர் பட்டியல். வேலையின்றி மக்கள் வீதியில் நின்ற பெருமந்தக் காலத்தில், தொலைபேசியும் காரும் உடையவர் யார்? ரொட்டிக்கு வரிசையில் நின்றவனை அந்த ஏடு கேட்கவே இல்லை. கேட்கப்பட்டவர்களிலும் நால்வரில் மூவர் விடையனுப்பவில்லை. அத்தனை பேரும் விடையளித்திருந்தால் அந்தப் பட்டியலே ரூஸ்வெல்ட்டின் வெற்றியைக் காட்டியிருக்கும் என்று 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே வாய் திறவாதவரின் மௌனமும் கணக்கில் சேரவேண்டிய ஒன்றே.

அதே ஆண்டில் ஜார்ஜ் கேலப் என்பார் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்றார். அதனினும் விந்தை, டைஜஸ்ட் ஏடு சீட்டனுப்பத் தொடங்கும் முன்பே அது தவறப்போகிறது என்பதையும் அறிவித்தார். அந்த வெற்றியாளரைக்கூட நாம் வழிபட வேண்டியதில்லை. ரூஸ்வெல்ட்டுக்கு அவர் கூறிய 56 விழுக்காடு, உண்மையினும் 5 குறைவு. 1948இலோ அவரே சறுக்கினார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, இந்த வயதினர் இத்தனை என்று பங்கு வகுத்துக் கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேள்வி கேட்போரிடமே விட்டிருந்தார். கேட்பவரும் மனிதர்தாமே! எளிதில் எதிர்ப்படுபவரை, இனிது பேசுபவரை நாடுவது இயல்பு. போதாக்குறைக்குத் தேர்தலுக்கு ஏறத்தாழ இரு கிழமைகள் முன்னரே கேட்பதை நிறுத்திவிட்டனர். டூயி வென்றார் எனச் 'சிகாகோ ட்ரிப்யூன்' தலைப்பிட்டது, வென்றவர் ட்ரூமன். அந்த ஏட்டைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் அவருடைய படம் உலகப் புகழ் பெற்றது.

அதன் பின்னரே குலுக்கல் முறை வலுப்பெற்றது. யாரைக் கேட்பது என்பதைக் கேட்பவரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் எடுப்பது. இம்முறையில் 1,000 பேரைக் கேட்டால் பிழை கூடியோ குறைந்தோ 3 விழுக்காட்டிற்குள் அடங்கும். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறைதான். பிழையைப் பாதியாக்க 4,000 பேர் வேண்டும். இரு கட்சிகளுக்கு இடையே 2 விழுக்காடு வேறுபாடு என்று பறைசாற்றுவோர் இதை ஏன் மறைக்கிறார்கள்? இக்கணக்கு குலுக்கலின் பிழையை மட்டுமே அளக்கும். பட்டியலில் இல்லாதவரை, பேச மறுத்தவரை, கேட்க வந்தவன் பண்ணையாரின் ஆளோ என்று அஞ்சி ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பியவரை அது அறியாது.

இந்தியாவில் இன்னுமொரு சிக்கல் உண்டு. வாக்கு விழுக்காட்டைத் தொகுதிகளாக மாற்ற வேண்டும். பல கட்சிகள் மோதும் இடத்தில் சிறு மாற்றமும் பல தொகுதிகளைப் புரட்டிவிடும். 2024 மக்களவைத் தேர்தலின் இறுதி வாக்குப்பதிவு முடிந்த ஜூன் 1 மாலையில், தேசிய சனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் எனப் பல நிறுவனங்கள் கூறின. ஜூன் 4இல் எண்ணியபோது கிடைத்தவை 293.

கணிப்பே வேண்டாம் என்று கூற வரவில்லை. சரியாக எடுத்தால் அது ஆள்வோருக்கும் நமக்கும் பயன்படும் கருவி. கருவியை விற்பவர், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் காட்டட்டும். எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள், எந்த நாள்களில் கேட்டார்கள், பணம் கொடுத்தவர் யார்? இவ்வைந்தையும் அச்சிட ஒரு சிறு பத்தி போதும். தலைவர்களின் வண்ணப்படத்தை இரு விரற்கடை குறைத்தால் அந்த இடமும் கிடைத்துவிடும்.