இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

பழைய காரில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே சமயத்தில் மேலே ஏறி நின்றால், நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ரேடியேட்டரைத் தொடமாட்டார். சம்பந்தமில்லாத இரண்டு உறுப்புகள் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவானது எது என்றுதான் யோசிப்பார். அந்தத் தொழிலில் என்னை மயக்குவது இந்த யோசனைதான்.

1960களின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் அந்தப் பொது உறுப்பு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர். உள்ளே ஓர் இரட்டை உலோகத் தகடு, அதைச் சூடேற்றும் கம்பிச்சுருள். தகடு சூடாகி வளைந்தால் மின்தொடர்பு விடும். ஆறினால் மறுபடி ஒட்டும். இப்படி விட்டு விட்டு ஒட்டியே, பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 10 வோல்ட்டாக்கி மீட்டர்களுக்கு அனுப்புகிறது. முட்களும் சூட்டில் மெதுவாக நகர்பவை என்பதால் அந்தத் துடிப்பு கண்ணுக்கே தெரியாது. என்ன நேர்த்தியான ஏற்பாடு!

சுருளின் மறுமுனை எர்த்தில் சேர வேண்டும். அங்கே துரு பிடித்தால் சுருள் சூடாகாது, தொடர்பு விடாது. முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போய், இரண்டு முள்ளும் ஏறிவிடும். எஞ்சின் கொதிக்கவில்லை, டேங்க் நிரம்பவும் இல்லை.

கைதேர்ந்தவர் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்கத்திலும் மறுமுனையை ஸ்டெபிலைசரின் கூட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்புவார். வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை. திருகைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுவார். ஒரு முள் மட்டும் ஏறியிருந்தால் அவர் கை முதலில் போகும் இடமே வேறு: அந்த ஒரு சென்சாருக்குப் போகும் ஒயர்.