வந்தியத்தேவனின் ஊர் எங்கே?

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் கல்கி தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னைத் திரைக்குக் கொண்டுவர எம்.ஜி.ஆர். முயன்றும் கைகூடவில்லை. மணிரத்னம் அதை 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு படங்களாகத் தந்துவிட்டார். ஐந்து பாக நாவலை அதற்குள் அடக்க, ஜெயமோகனோடும் இளங்கோ குமரவேலோடும் சேர்ந்து அவர் கண்ட வழி, சோழ இளவரசன் கரிகாலன்–நந்தினி காதலைக் கதையின் முதுகெலும்பாக்கியது. மணிமேகலை என்ற பாத்திரமே இல்லாமல் போனது. நாவலில் பேச்சுவாக்கில் தெரியவரும் இளவயதுக் காதல் இரண்டாம் பாகத்தின் தொடக்கமாக விரிந்தது. இது சரியான முடிவு. சோழ இளவரசி குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. புன்னகையிலேயே போர் நடக்கிறது. நாவலைத் தொடாதவர்களையும் திரையரங்குக்கு இழுத்து, முதல் பாகத்தைப் பெருவெற்றியாக்கியது இந்த நெருக்கம்தான்.

ஆனால் காதலுக்குக் கொடுத்த இடத்தை, படம் மண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. நாவலின் நாயகன் வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்தவனாகப் படைத்தார். வாணர்களின் வல்லம், காட்பாடியை அடுத்த இன்றைய திருவல்லம். சோழ மன்னன் முதற் பராந்தகன் வாணர்களை வேரறுத்ததை, வாணியம்பாடி அருகே கிடைத்த உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. ஆக, எந்தக் குலம் தன் முன்னோரின் நாட்டை விழுங்கியதோ, அதே குலத்தின் இளவரசியை ஒருவன் காதலிக்கிறான். குந்தவை–வந்தியத்தேவன் காதலின் கனமே இதில்தான் இருக்கிறது. படத்தில் அவன் கலகலப்பான தூதனாகவே பெரும்பாலும் வலம்வருகிறான். சோழ அரண்மனைகளுக்கு ஓர்ச்சா, குவாலியர் கோட்டைகள் முகம் கொடுத்ததால், அவன் கடந்துவந்த தொண்டை மண்டலமும் கண்ணில் படவில்லை.

சினிமா வரலாற்றுப் பாடம் இல்லையே, நந்தினியே கற்பனைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்கியும் கற்பனைதான் செய்தார். ஆனால் வீரநாராயண ஏரிக்கரையில் வாசகனை நிறுத்தி, ஊரைக் காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். இன்னொரு மறுப்பும் உண்டு: படம் இராட்டிரகூடரோடு நடக்கும் போரில்தானே தொடங்குகிறது? ஆம். ஆனால் அந்தப் போர் கரிகாலனின் வெறியைக் காட்டவே பயன்படுகிறது. வட எல்லை சோழர்களுக்கு ஏன் ஆறாத காயம் என்பது புரிவதில்லை. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டான். பத்தாண்டு கழித்து, காட்பாடி வட்டத்து மேல்பாடியில் பாசறை அமைத்திருந்தான் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அந்த மேல்பாடியில்தான், தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக இராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் இருக்கிறது. அந்தப் பேரன்தான் படத்தின் தலைப்பிலுள்ள பொன்னியின் செல்வன்.