சைக்கிள் மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போச்சு?

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்காக எழுதப்படும் நேர மேலாண்மைக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பத்து படித்தால் போதும், மீதி மனப்பாடம் ஆகிவிடும். காலை நாலரைக்கு எழுந்திருங்கள். காய்கறியை முதல் நாள் ராத்திரியே நறுக்கி வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆர்டர் வேலையை முடியுங்கள். கடைசியில், உங்களுக்கென்று ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனால் நேரம் அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கு, அதை அடுக்கி வைக்கத்தான் அவளுக்குத் தெரியல என்ற நினைப்பிலேயே எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே உருப்படியான எழுத்து, நேர மேலாண்மை என்ற பேச்சே இல்லாத ஒரு கட்டுரை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியது. 1996-ல் வெளிவந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' புத்தகத்தில் இருக்கிறது. அதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. அந்தக் கட்டுரையைப் பாராட்டாதவர்கள் குறைவு. எனக்கும் பிடிக்கும். ஆனால் பாராட்டுகிற வேகத்தில் அதில் இருக்கும் நேரக் கணக்கை யாரும் நின்று பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் பின்னணி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தீவிரமாக நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பெண்கள் வெளியே போய்வர முடிந்தால்தான் தன்னம்பிக்கை வரும், அது வந்தால்தான் படிப்பும் நிலைக்கும் என்பது கணக்கு. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் கேட்டார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பெண்கள் வரை கற்றுக்கொண்டதாகச் சாய்நாத் எழுதுகிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கியவர்கள் உண்டு. குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

கட்டுரையின் நடுவில் வருகிறது நமக்கு வேண்டிய இடம். வீட்டில் விளைந்ததையோ செய்ததையோ பக்கத்து ஊர்களில் விற்கும் பெண்களுக்குச் சைக்கிள் என்ன செய்தது என்று சாய்நாத் வரிசையாகச் சொல்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட அப்பாவையோ அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. கூடுதலாக நாலு ஊர் போகலாம். பிள்ளையைப் பார்க்கணும், தண்ணி எடுக்கணும் என்று பாதி விற்பனையில் ஓடி வர வேண்டாம். விருப்பப்பட்டால் ஓய்வும் கூடும்.

இதில் அவரது கூர்மையைக் கவனியுங்கள். அந்தப் பெண்களிடம் இல்லாதது சுறுசுறுப்பு என்றோ திட்டமிடல் என்றோ அவர் சொல்லவில்லை. காத்திருப்புதான் நேரத்தைத் தின்றது என்கிறார். வராத பஸ், வராத ஆள். இன்றைய ஆலோசனைக் கட்டுரைகள் எட்டாத இடம் இது. நாலரைக்கு எழுந்தாலும் எட்டு மணி பஸ் எட்டரைக்குத்தான் வரும் என்றால், சீக்கிரம் எழுந்தவள் கூடுதலாகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் இலவசமானது டிக்கெட்தான். காத்திருக்கும் நேரத்துக்கான விலையை அவள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி என் மாற்றுக் கருத்து. மிச்சமான நேரம் விற்பனைக்கும் ஓய்வுக்கும் போகும் என்று கட்டுரை கணக்கு எழுதுகிறது. அதே கட்டுரையில் ஒரு காட்சியும் இருக்கிறது: ஒரே சைக்கிளில் முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடங்கள், கேரியரில் விற்பனைச் சரக்கு. சாய்நாத் இதை வியப்போடு காட்டுகிறார். நமக்கும் வியப்புதான். ஆனால் அந்தச் சைக்கிளில் இருக்கும் சுமையைத் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். பிள்ளை முன்பும் அவள் பொறுப்பு, இப்போதும் அவள் பொறுப்பு. தண்ணீரும் அப்படியே. சைக்கிள் அந்த வேலைகளைச் சுருக்கியது, ஆள் மாற்றவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஆணின் வேலைகூட இப்போது அவள் பக்கம் வந்துவிட்டது. அவருக்கும் நேரம் மிச்சம்! அந்த மிச்சம் எங்கே போனது என்று கட்டுரை கேட்கவில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு, நியாயமான பதில். பொருளாதார லாபத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், சுயமரியாதைதான் முக்கியம் என்று சாய்நாத்தே எச்சரிக்கிறார். சைக்கிள் ஓட்டினால் பணம் எதுவும் வரவில்லை, அதுக்காக ஓட்டவும் இல்லை என்கிற பெண்ணின் குரலும் கட்டுரையில் உண்டு. ஊர்க்காரர்களின் கேலியைத் தாண்டி ஓட்டியவர்களின் சந்தோஷத்தை நிமிஷக் கணக்கில் அளப்பது அற்பம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஓய்வு கூடும் என்று கட்டுரையே ஒரு கணக்கைச் சொல்லும்போது அதைச் சரிபார்க்கலாம் அல்லவா?

மாவட்ட அளவில் அல்ல, நாடு முழுவதுக்குமான கணக்கு ஒன்று இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு. 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இது அன்று வேலை செய்தவர்களின் சராசரி மட்டும். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் செய்தார்கள், ஆண்களில் 26 பேர். 2024 ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, 201 ஆகியிருக்கிறது. அஞ்சு வருஷத்தில் ஒரு நிமிடம்! வேலை சுருங்குகிறது, ஆனால் பங்கு மாறவில்லை. சைக்கிளில் பார்த்த அதே கதை.

அப்படியானால் சைக்கிளால் கிடைத்த நேரத்துக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மிச்சமான நிமிடங்களின் எண்ணிக்கையில் இல்லை என்று நினைக்கிறேன். சைக்கிளில் ஏறிய பெண் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். "அம்மா, இது எங்க இருக்கு?" என்று கூப்பிட முடியாது. அப்போது கைபேசி கிடையாது. அந்த இரண்டு மணி நேரம் உடையாத நேரம். கட்டுரை காட்டுகிற, ஆனால் பெயர் சொல்லாத லாபம் அதுதான்.

இன்றைய வீட்டுத் தொழில் இழப்பது சரியாக இதை. கீரமங்கலம் பக்கம் பூக் கட்டுகிறவரையோ, இட்லி மாவு அரைத்து விற்கிறவரையோ, ஜாக்கெட் தைப்பவரையோ எடுத்துக்கொள்ளுங்கள். பூவுக்கு வாடும் நேரம் உண்டு, மாவுக்குப் புளிக்கும் நேரம் உண்டு. அவை நமக்காகக் காத்திருக்காது. துணி வெட்டும்போது நடுவில் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அளவை மறுபடி பார்க்கணும். போனது இரண்டு நிமிடம்தான். விட்ட இடத்தைப் பிடிக்கப் பத்து நிமிடம். கடை வைத்திருப்பவர் ராத்திரி ஷட்டரை இறக்கலாம். வீட்டில் தைப்பவருக்கு இறக்க ஷட்டர் கிடையாது. ஒன்பதரை மணிக்கும் வாட்ஸ்அப்பில் "அக்கா, நாளைக்குக் கிடைச்சிடுமா?" என்று வரும். வீட்டுக்குள்ளேயே, "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு சொல் போதும், அந்த நேரம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

ஆகவே ஆலோசனை எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் அவளுக்கு எப்போது கிடைக்கிறது, அந்த நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் பார்ப்பது யார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வீட்டில் ஓர் ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும். வராவிட்டால், எவ்வளவு அழகான பட்டியல் போட்டாலும் அது அவளுக்கு இன்னொரு வேலைதான்.

சாய்நாத் கட்டுரையில் கீழக்குறிச்சி என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயிற்சி நடக்கும். பெண்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருப்பார்கள். இதுவரை படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள். ஏற்கெனவே படித்தவர்கள் அந்த இடத்தை மறுபடி எடுத்து, அன்று அந்த வீடுகளில் மதியச் சோற்றை யார் வடித்திருப்பார்கள் என்ற கேள்வியோடு வாசியுங்கள். கட்டுரையின் மதிப்பு அதனால் குறையாது. ஒரு லட்சம் பேர் செய்து காட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். பாக்கி எவ்வளவு இருக்கிறது என்பதும்தான்.