கடிகாரமா, வெப்பமா: பழைய டிஷ்வாஷர்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பழைய டிஷ்வாஷர்களை எடைபோடுபவர்கள் பெரும்பாலும் தண்ணீர் பீய்ச்சும் கைகளையும், தட்டு அடுக்கும் கூடைகளையும், கதவின் உறுதியையும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவை முக்கியம்தான், ஆனால் முதன்மையானவை அல்ல. தண்ணீரை இயந்திரம் எப்படிச் சூடாக்குகிறது, சூடாகிவிட்டது என்பதை எப்படி அறிகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் அதன் வடிவமைப்பு தேறுகிறது அல்லது தோற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு கரைவதும், சோப்புத்தூள் வேலை செய்வதும், கடைசியில் பாத்திரம் உலர்வதும் வெப்பத்தைப் பொறுத்தவை.

இந்த மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் களம் மரக்காணம். கழுவெளி ஏரி, பக்கிங்காம் கால்வாய், உப்பளங்கள், கடல் என நாற்புறமும் உப்பு சூழ்ந்த ஊர். இந்தக் கரையில் போர் தண்ணீரில் உப்பு ஏறும், காற்றிலும் உப்பு இருக்கும். சமையலறைக் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர் மட்டுமே. சிகாகோவுக்கும் மியூனிக்குக்கும் வரைந்த இயந்திரத்துக்கு இவ்வூர் எந்தச் சலுகையும் தராது. ஆகவே அளந்துபார்க்க ஏற்ற இடம்.

ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்ற பாத்திரம் கழுவும் கருவி வழியாக வளர்ந்த அமெரிக்க மரபில் ஓர் அனுமானம் நிலைத்தது: வெந்நீர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, இயந்திரம் அதைப் பயன்படுத்தினால் போதும். அங்கே வெந்நீர்த் தொட்டியும் வெந்நீர்க் குழாயும் வீட்டின் அங்கம். மின்சாரமும் அதே திசையில் தள்ளியது. 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 1,800 வாட்தான் கிடைக்கும். மோட்டாருக்குப் போக மீதியில் பெரிய ஹீட்டர் வைக்க வழியில்லை. எனவே இயந்திரத் தொட்டியின் அடியில் வளைந்து கிடக்கும் ஹீட்டர் காயில், சுமார் 600 முதல் 1,000 வாட் வரை, வந்த வெந்நீரின் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளவும் கடைசியில் பாத்திரங்களை உலர்த்தவும் மட்டுமே அமைந்தது.

இதன் நிறைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதல் நொடியிலிருந்து தண்ணீர் சூடாக இருப்பதால் கழுவல் சீக்கிரம் முடிகிறது. காயில் கண்முன்னே இருப்பதால் பழுது பார்ப்பது எளிது. உலர்த்தும் சூட்டில் எஃகுப் பாத்திரங்கள் ஈரமின்றி வெளிவரும். ஆனால் காயில் மேல் விழுந்த பிளாஸ்டிக் மூடி உருகியே தீரும். முட்டை ஒட்டிய தட்டில் எடுத்த எடுப்பிலேயே 60 டிகிரி நீர் பட்டால் புரதம் இறுகிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இவை சிறு குறைகள். பெரிய குறை கட்டமைப்பில் இருக்கிறது. இம்மரபின் இயந்திரங்கள் ஒரே சுற்றில் பலமுறை நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகின்றன. ஒவ்வொரு முறையும் குழாயில் தேங்கி ஆறிய நீர்தான் முதலில் வரும். அதனால்தான் இயந்திரத்தைப் போடுமுன் சமையலறைக் குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை ஓடவிடச் சொன்னார்கள். தன் பணிக்கு அடிப்படையான நிபந்தனையைத் தனக்கு வெளியே விட்டுவிட்ட வடிவமைப்பு முழுமை பெற்றதாகாது.

இப்படி ஓர் இயந்திரத்தை மரக்காணத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் இணைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 8 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 1,000 கிலோ ஜூல் வேண்டும். 800 வாட் காயில் அதற்கு 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். பாத்திரங்களும் தொட்டியும் உறிஞ்சும் சூடு தனி. சுற்றின் கட்டங்களை நேரக் கணக்கில் நகர்த்தும் கடிகார டைமர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. நீர் வெதுவெதுப்பானதும் அதைக் கொட்டிவிட்டு அடுத்த பச்சைத் தண்ணீரை நிரப்பும். சாம்பார்ச் சட்டியின் எண்ணெய் இடம் மாறிப் படியுமே தவிரப் போகாது. இறுதி அலசலில் சூடு வரும்வரை டைமரை நிறுத்திவைக்கும் மேல்தர அமெரிக்க மாடல்கள் இருந்தன. அவற்றை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து பாதி விடுவிக்கலாம்.

ஐரோப்பிய மரபு எதிர்த்திசையில் போனது. 1929இல் மீலே நிறுவனம் தொடங்கி, 1964இல் தன் முதல் இயந்திரத்தைக் கொண்டுவந்த பாஷ் நிறுவனம் வழியாக வளர்ந்த அந்த மரபில் பச்சைத் தண்ணீரை வாங்கி உள்ளேயே காய்ச்சுவது வழக்கமாயிற்று. 230 வோல்ட் இணைப்பு 2,000 முதல் 3,000 வாட் வரையிலான ஹீட்டரைத் தாங்கியது. நம் வீட்டு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அவ்வளவைத் தாங்கும். மின்சாரத்தைப் பொறுத்தவரை நாம் ஐரோப்பியப் பக்கம்தான்.

ஆனால் வாட் அளவை வைத்து இந்த மரபை உயர்த்திப் பேசுவது மேலோட்டமான வாசிப்பு. அதன் உண்மையான சாதனை ஒரு சிறு தகட்டில் இருக்கிறது. தொட்டியின் அடிப்பக்கம் திருகிய தெர்மோஸ்டாட்டைப் பிரித்தால், கட்டைவிரல் நகத்தளவு வட்டத் தகடு ஒன்று இருக்கும். வேறுவேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. குறித்த சூடு வந்ததும் ‘டக்’ என்று எதிர்ப்பக்கம் குழிந்து மின்தொடர்பை மாற்றும். இந்தத் தகடு அனுமதிக்கும்வரை டைமரின் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. பம்பு ஓடும், ஹீட்டர் எரியும், நிரல் மட்டும் நகராது. மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருவதும் இப்படித்தான், தேதி பார்த்து அல்ல. போமே என்னும் அடர்த்தி அளவில் 3 டிகிரியில் வந்த கடல்நீர் 25ஐத் தொட்டால்தான் உப்பு விளையும், 29ஐத் தாண்டவிட்டால் கசக்கும் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துவிடும். நீரின் நிலைதான் அங்கே வேலையை நடத்துகிறது. தெர்மோஸ்டாட்டுக்குக் கட்டுப்பட்ட டைமரின் முறைமையும் இதுவே.

இதன் மதிப்பு வோல்டேஜ் இறங்கும் மாலைகளில் தெரியும். ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180ஆக இறங்கினால் 2,000 வாட் ஹீட்டர் 1,225 வாட்தான் தரும். 10 லிட்டர் நீர் 28 டிகிரியிலிருந்து 60க்கு வர 11 நிமிடம் ஆன இடத்தில் 18 நிமிடம் ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பும் இயந்திரம் அந்த 7 நிமிடத்தைத் தராது. தெர்மோஸ்டாட் இயந்திரம் தரும். பச்சைத் தண்ணீரில் தொடங்கி மெல்லச் சூடேறுவதால் முட்டையும் பாலும் இறுகுமுன் கழன்றுவிடுகின்றன என்பதும் சேர்த்து எண்ண வேண்டிய நிறை.

குறைகளும் உண்டு. ஹீட்டர் எரிந்துபோனால் டைமர் ஒருநாளும் நகராது. யாராவது கவனிக்கும்வரை பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். காத்திருப்புக்கு மேல்வரம்பு வைக்காத மாடல்களில் இது வெளிப்படையான வடிவமைப்புப் பிழை. இரண்டொரு வெப்பநிலை தவிர வேறு தேர்வு கிடையாது. பழைய பாஸ்பேட், குளோரின் தூள்களுக்கு 65 டிகிரி பொருந்தியது. இன்றைய என்சைம் தூள்கள் 50, 55 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்கின்றன; பெரிய ஹீட்டர் அந்த இடைவெளியை விரைவில் தாண்டிவிடுகிறது.

உள்ளேயே காய்ச்சினால் சுண்ணாம்புப் படிவு வரும். கடின நீரைச் சூடாக்கும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து ஹீட்டர் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. பொருக்கு சூட்டை நீருக்குச் சரியாகக் கடத்தாது, ஹீட்டர் தானே காய்ந்து வெடிக்கும். ஐரோப்பியர்கள் இதற்கும் உள்ளேயே விடை வைத்தார்கள். ஒரு பிசின் அறை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். உப்புக் கரைசல் அந்தப் பிசினைப் புதுப்பிக்கும். மரக்காணத்துக் கல் உப்பை அதில் போடலாமா என்றால், அப்படியே போடக் கூடாது. வெயிலில் விளைந்த உப்பில் ஜிப்சமும் மக்னீசியமும் மண்ணும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எதை நீக்க வந்ததோ அதையே பிசினுக்குத் திருப்பிக் கொடுத்ததாகும். கழுவிச் சுத்திகரித்த, அயோடின் சேராத பருமணி உப்புதான் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் எல்லையும் இதே கரையில்தான் வெளிப்படுகிறது. பிசின் கடினத்தன்மையை மாற்றுமே ஒழிய உப்பைக் குறைக்காது. உப்பு மிகுந்த நீரில் கடினத்தன்மையையும் அரைகுறையாகவே நீக்கும். குளோரைடு உள்ள நீர் சூடாகும்போது துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை விடுகிறது. குடிக்க அனுமதிக்கும் அந்த 1,000 மில்லிகிராம் நீரை 65 டிகிரியில் நாள்தோறும் எஃகுத் தொட்டியில் சுழற்றுவது தொட்டியின் ஆயுளைத் தின்னும். ஐரோப்பிய வடிவமைப்பாளர் கடின நீரைக் கணக்கில் எடுத்தார், உவர்நீரை எடுக்கவில்லை. இது கைத்திறனின் குறை அல்ல, கணிப்பின் குறை. ஆனால் இந்த ஊரில் அதன் விளைவு பெரிது.

பின்னர் வந்த மின்னணு உணரிகள் நுட்பமாக அளக்கின்றன, காத்திருப்புக்கு வரம்பும் வைக்கின்றன. அவை சார்ந்த சர்க்யூட் பலகை உப்புக்காற்றில் அரிக்கும், பழைய டைமரின் செம்புத் தொடர்புகளும் அரிக்கும். தொடர்பைத் தேய்த்துத் துடைக்க முடியும் என்பது பழையதற்கு உள்ள ஒரே சாதகம்.

இனித் தீர்ப்பு. வெந்நீர்க் குழாயை நம்பிய கடிகார இயந்திரம் தன் நாட்டில் தேறியது, இக்கரையில் தேறாது. வெப்பம் வரும்வரை நிரலை நிறுத்தும் இயந்திரம் தேறுகிறது, உவர்நீர் தராதவரை. அதை வாங்குபவர்கள் முதலில் தண்ணீரின் குளோரைடு அளவைச் சோதித்துப் பார்க்கட்டும். அளவு மிகுந்தால் அந்தப் போர் தண்ணீரை அதில் விடவே வேண்டாம். நல்ல நீர் இருந்தால் மே மாதப் பிற்பகலில் போடட்டும். மொட்டைமாடித் தொட்டியில் 38 டிகிரிக்குக் காய்ந்திருக்கும் நீர், 28 டிகிரி நீரோடு ஒப்பிட்டால், 60 டிகிரிக்கு ஏறுவதற்கான மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும்.