பரீட்சைக்கு நிற்கும் பழங்கார்

கலிபோர்னியாவின் பசிபிக் கரையிலுள்ள பெபிள் பீச்சில் 1950இல் தொடங்கிய புகழ்பெற்ற கார் கண்காட்சிப் போட்டிக்கென்று ஒரு பழைய வாகனத்தைச் சித்தம் செய்கிறவர்களின் பிரயாசையைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை என்று சாமானியமாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் துடைப்பது அதில் மிக அற்பமான பாகம். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த தினத்தில் வண்டி எவ்விதம் இருந்ததோ அவ்விதமே இன்றும் இருக்கிறதா என்பதைத்தான் நடுவர்கள் பரிசோதிக்கிறார்கள். 1920களின் ஆரம்பத்தில் செய்யப்பட்ட காரின் விளக்கு வளையத்தில், நிக்கல் முலாமின் மெல்லிய மஞ்சள் சாயல் தெரியவேண்டிய இடத்தில், குரோமியத்தின் நீலங்கலந்த வெண்மை ஜொலிக்குமானால், அது எத்தனை சௌந்தரியமாக இருந்தாலும் பிழையே. ஏனெனில் கார்களுக்குக் குரோமிய முலாம் பரவலாக வந்தது அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில்தான். ரப்பர்க் குழாயை இறுக்கும் வளையமும், மின்கம்பியைச் சுற்றிய பருத்தி நூலுறையுங்கூடக் காலத்துக்கு இசைந்திருக்க வேண்டும். திருகாணித் தலைகளின் பிளவுகளையெல்லாம் ஒரே திசை நோக்கி நிறுத்துகிற சிரத்தையாளரும் உண்டு. அந்நாளையத் தொழிலாளிக்கு அதற்கெல்லாம் அவகாசம் ஏது என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு, ஆயினும் அந்தச் சிரத்தையை ரசிக்காதிருக்க முடிவதில்லை.

அலங்காரம் மட்டும் போதாது. விளக்கு எரியவேண்டும், ஹாரன் ஒலிக்கவேண்டும், எஞ்சின் இயங்கவேண்டும். ஆனால் பழங்கார்களுக்கு இந்த மதிப்பு ஆரம்பமுதலே இருந்ததில்லை; ஆதியில் பெபிள் பீச்சில் புதிய வண்டிகளே பிரதமப் பரிசைப் பெற்றுவந்தன. 1955இல் பந்தய வீரர் பில் ஹில், தம் குடும்பத்திலிருந்த 1931ஆம் வருஷத்துப் பியர்ஸ்-ஆரோ காரைப் புதுப்பித்து நிறுத்தியபோதுதான், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கார் ஒன்றுக்கு முதன்முதலாக அந்தக் கௌரவம் கிடைத்தது.