பார்த்தார்கள், நம்பினார்களா?

சில மலையாள சீரியல்கள் எண்டோசல்ஃபானைப் போலச் சமூகத்துக்குக் கேடு செய்கின்றன என்று 2024 நவம்பரில் பிரேம்குமார் சொன்னார். அவர் நடிகர், அப்போது கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த அந்தப் பூச்சிமருந்து எத்தனை குழந்தைகளை முடக்கிப் போட்டது என்பதை அறிந்த மாநிலத்தில் இது போகிற போக்கில் சொல்லக்கூடிய ஒப்புமை இல்லை. சின்னத்திரைக் கலைஞர்களின் சங்கமான ‘ஆத்மா’ திறந்த மடல் எழுதி எதிர்த்தது. அதே நாட்களில் கேரள மகளிர் ஆணையத்தின் ஆய்வறிக்கை ஒன்றும் பேசுபொருளானது. மெகா சீரியல்கள் வேண்டாம்; ஒரு கதை 20 முதல் 30 பகுதிகளுக்குள் முடியட்டும்; ஒரு சேனலில் ஒரு நாளைக்கு இரண்டு சீரியல் போதும்; ஒளிபரப்பும் முன்பே தணிக்கை நடக்கட்டும் என்பவை அதன் பரிந்துரைகள்.

இதற்கெல்லாம் சேனல்கள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: மக்கள் பார்க்கிறார்கள், டிஆர்பியைப் பாருங்கள். எதிர்த்தரப்பின் கவலையும் அதே எண்ணிலிருந்துதான் பிறக்கிறது: இத்தனை பேர் பார்க்கிறார்களே, கெட்டுப்போவார்களே! பார்த்தவர் நம்பிவிட்டார் என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. நான் மறுப்பது இதைத்தான். சீரியல் ஓடும் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்தவருக்குத் தெரியும், அங்கே யாரும் வாய்மூடிப் பார்ப்பதில்லை. “இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?”, “போன வாரம் கோமாவில் கிடந்தவள் இன்று பூ வைத்துக்கொண்டு எப்படி வந்தாள்?” என்று தர்க்கம் நடந்துகொண்டே இருக்கும். திருவனந்தபுரத்தின் கரமனை, வலியசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். விஜய் டிவியில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ பார்த்தவர்கள் ஏஷியாநெட்டில் அதன் மலையாள வடிவமான ‘சாந்த்வன’த்தையும் பார்த்தார்கள். ஒரே அண்ணி, ஒரே மளிகைக்கடை, இரண்டு மொழி. எந்தக் காட்சி எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று அவர்கள் ஒப்பிடும் நுட்பத்தைப் பத்திரிகை விமரிசனங்களில்கூட நான் அதிகம் கண்டதில்லை. அந்தத் தர்க்கத்தில் ஒரு சொல்கூட டிஆர்பி மீட்டரில் பதிவாவதில்லை.

மீட்டர் பதிவு செய்வது வேறொன்றை. 2015 முதல் பார்க் இந்தியா அமைப்புதான் நாடு முழுவதும் இந்தக் கணக்கை எடுக்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்பும். தெரிந்தெடுத்த வீடுகளில் வைத்திருக்கும் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் யார் யார் பார்க்கிறார்கள் என்பதை அவரவருக்கான பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 கணக்குப்படி இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. கருவி இருந்தவை சுமார் 44,000. ஒரு வீட்டின் ரிமோட் ஏறத்தாழ 4,800 வீடுகளுக்காகப் பேசியது. மாதிரிக் கணக்கெடுப்பு என்ற அளவில் இதில் தவறில்லை. ஆனால் மாநிலம், வயது, நேரம் என்று பகுக்கப் பகுக்க மாதிரி மெலிந்துகொண்டே போகும். ஒரு வாரத்தில் ஒரு புள்ளி ஏறியது, அரைப் புள்ளி இறங்கியது என்பதை வைத்து ஒரு கதாபாத்திரத்தைக் கொல்வதா, வாழவிடுவதா என்று முடிவெடுக்கும் அளவுக்கு அந்த எண்ணுக்குத் திடம் கிடையாது. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டிஆர்பி மோசடி வழக்கைப் பதிவு செய்ததும், செய்திச் சேனல்களின் ரேட்டிங் 2022 மார்ச் வரை நிறுத்தி வைக்கப்பட்டதும் நம்பகத்தன்மைக்கு நேர்ந்த அடி. ஆனாலும் மோசடியைவிட எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது, நேர்மையாக எடுத்தாலும் அந்த எண் எதைச் சொல்லாது என்பதே. கோபத்தோடு பார்த்த ஒரு நிமிடமும் நெகிழ்ந்து பார்த்த ஒரு நிமிடமும் அதற்கு ஒன்றுதான்.

டிஆர்பியை வெறும் பூதமாகக் காட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த நாட்டில் வீட்டுப் பெண்களின் விருப்பத்தை வாரந்தோறும் எண்ணிப் பார்த்து, அதற்குப் பணிந்து நடக்கும் பெருந்தொழில் வேறு எது? சினிமா இளைஞர்களின் முதல் காட்சியைப் பார்த்துக் கதை செய்கிறது. மாலை ஆறரை முதல் பத்து வரைக்குமான தொலைக்காட்சி நடுவயதுப் பெண்ணைப் பார்த்துக் கதை செய்கிறது. ‘குடும்பவிளக்கு’ இதற்குச் சரியான சாட்சி. வங்காளத்தில் 2019-ல் வந்த ‘ஸ்ரீமோயி’ அங்கே எடுபட்டது. 2020-ல் அது மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’, தமிழில் ‘பாக்கியலட்சுமி’, இந்தியில் ‘அனுபமா’ ஆனது. வீட்டு வேலையிலேயே தேய்ந்து, கணவனாலும் பிள்ளைகளாலும் இளப்பமாகப் பார்க்கப்பட்ட ஒரு தாய், தனக்கென்று தொழிலும் மரியாதையும் தேடிக்கொள்வதே கதை. ஒரே ஆண்டில் மூன்று மொழிகளில் அவளை நடுவில் நிறுத்தியது எந்தச் சீர்திருத்த இயக்கமும் இல்லை, ரேட்டிங்தான். ‘பரஸ்பர’த்தின் தீப்தியும் அப்படித்தான். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கு வந்த பெண், அதிகம் படிக்காத, இனிப்புக்கடை நடத்தும் கணவனின் துணையோடு ஐபிஎஸ் அதிகாரியாகிறாள். கேரளத்தில் அந்தப் பாத்திரத்தைப் பெயரோடு ‘ஐபிஎஸ்’ சேர்த்துத்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்தத் தீப்திக்கு நேர்ந்த முடிவு என்ன? 2013 ஜூலையில் தொடங்கி 1,500 பகுதிகளைத் தாண்டிய ‘பரஸ்பரம்’ 2018 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. கேப்ஸ்யூல் வடிவ வெடிகுண்டை உடலுக்குள் சுமந்தபடி கணவனும் மனைவியும் வெடித்துச் சாகிறார்கள். கேரளமே சிரித்தது, ட்ரோல்கள் குவிந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பெருவெள்ளம். பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய் ஆட்களை மீட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்த கண்கள் அவை. எந்தத் துணிச்சலை நம்பலாம், எதை நம்ப முடியாது என்று அந்த மாதம் மலையாளிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘பரஸ்பர’த்தின் இந்தி மூலமான ‘தியா அவுர் பாதி ஹம்’, தமிழில் ‘என் கணவன் என் தோழன்’ என்று வந்ததே, அதுவும் இருவரின் சாவில்தான் முடிந்தது. ரேட்டிங் வாங்கித் தந்த கதையின் பழுதும் மொழி தாண்டி வந்துவிட்டது.

நம்ப முடியாத சம்பவம் என்பதே குற்றமா? இல்லை என்பதே என் எண்ணம். இதற்கு ‘கறுத்தமுத்து’வை நெருங்கிப் பார்க்கலாம். 2014-ல் ஏஷியாநெட்டில் தொடங்கி ஐந்தாண்டு ஓடிய இந்தக் கதைதான் தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’, தமிழில் ‘பாரதி கண்ணம்மா’. கறுத்த நிறத்துப் பெண்; அவளைக் காதலித்து மணந்த மருத்துவன் பொய்யை நம்பி அவள் நடத்தையைச் சந்தேகித்துப் பிரிகிறான். குழந்தை தன்னுடையதா என்று டிஎன்ஏ பரிசோதனை செய்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மருத்துவனான அவன் அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பொருமிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் இதே கேள்விதான். நன்றாகக் கவனித்தால் அந்தக் கேள்விதான் சீரியலின் இயந்திரம். “எப்போதடா டெஸ்ட் எடுப்பான்?” என்று திட்டிக்கொண்டே மக்கள் உட்கார்ந்தார்கள், மீட்டர் அவர்களை ரசிகர்களாக எண்ணியது, அந்த எண்ணைப் பார்த்துப் பரிசோதனை இன்னும் தள்ளிப்போனது. பார்வையாளரின் மறுப்பையே எரிபொருளாக்கிக்கொள்ளும் இந்தச் சுழற்சிதான் டிஆர்பி முறையின் ஆகப் பெரிய கேடு. நிறவெறியைப் பற்றி அழுத்தமாகத் தொடங்கிய கதை கடைசியில் ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கும் கதையாகச் சுருங்கியது.

சந்தேகமும் தீர விசாரிக்காத தீர்ப்பும் நம் கதைமரபுக்குப் புதிதா என்ன? சேரநாட்டு இளங்கோ சிலப்பதிகாரத்தில் சொன்ன கதையே அதுதான். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டான். ஓர் அரசன் இப்படியா செய்வான் என்று யாரும் கேட்கலாம். ஆனால் சிலம்பு உடைந்ததும் பொய் அங்கேயே முடிந்து விளைவு தொடங்குகிறது. அரசன் விழுகிறான், நகர் எரிகிறது. திருவனந்தபுரத்தில் இதை நூலாகப் படிக்காதவர்களுக்கும் தெரியும். ஆற்றுக்கால் கோயில் திருவிழாவின் பத்து நாளும் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதையை நாள்தோறும் தொடராகப் பாடுகிறார்கள். ஒன்பதாம் நாள் பாண்டியன் வதையைப் பாடி முடித்த பிறகுதான் பண்டார அடுப்பில் தீ மூட்டப்படுகிறது, அதிலிருந்து நகரம் முழுக்கப் பொங்கலை அடுப்புகள் எரிகின்றன. 2009-ல் அங்கே கூடிய பெண்கள் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. எந்த சீரியலுக்கும் பொறாமை தரும் எண்ணிக்கை. மனிதப்பெண் ஊரை எரிப்பது ‘நம்பும்படி’ இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நடந்ததற்கு விலை கொடுக்கப்படுகிறது. சீரியலில் நாம் முகம் சுளிப்பது அதிசயத்தைக் கண்டு இல்லை. விஷம் வைத்தவள் அடுத்த மாதம் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அதைக் கண்டுதான். முடிவே இல்லாத கதையில் எதற்கும் விளைவு இருக்க முடியாது. விளைவு வந்துவிட்டால் கதை முடிந்துவிடும், ரேட்டிங் உள்ளவரை முடிக்கவும் விடமாட்டார்கள்.

ஒரு காலத்தில் பார்வையாளரின் தர்க்கம் எழுதுகிறவர் மேசைவரை போனது. 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’குக்குக் கடிதங்கள் லட்சக்கணக்கில் வந்தன, பகுதி முடிவில் அசோக் குமார் தோன்றி மக்களோடு பேசுவார். கடிதத்தால் ‘இது பிடித்தது, அது பொய்யாக இருந்தது’ என்று இரண்டையும் சொல்ல முடியும். எண்ணால் முடியாது. திருவனந்தபுரம் குடப்பனக்குன்னு தூர்தர்ஷனில் மலையாளத் தொடர்கள் தொடங்கிய நாட்களில், நெடுமுடி வேணு ‘கைரளி விலாசம் லாட்ஜ்’ எடுத்த காலத்தில், பதின்மூன்று பதின்மூன்றாகப் பகுதிகளை அனுமதிக்கும் வழக்கம் இருந்தது. எழுத உட்காரும்போதே எங்கே முடியும் என்று தெரியும். அந்தக் காலத்தை நான் பொற்காலமென்று சொல்லவரவில்லை. அதிகாரிகளின் அறையில் முடங்கிப்போன கதைகளும், வரிசையில் நின்றே ஓய்ந்துபோன எழுத்தாளர்களும் அப்போதும் உண்டு. முடிவு தெரிந்து எழுதும் ஒழுங்கை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தனியார் சேனல்களிலும் வேறு வழி உண்டென்பதற்கு ஃபிளவர்ஸ் டிவியின் ‘உப்பும் முளகும்’ இருக்கிறது. 2015 டிசம்பரில் தொடங்கியது. காவாலம் நாராயணப் பணிக்கரின் சோபானம் நாடகக்குழுவில் வளர்ந்த பிஜு சோபானம் நெய்யாற்றின்கரைக்காரர் பாலுவாக, தென் திருவிதாங்கூரின் பேச்சை மெருகேற்றாமல் பேசினார். அன்றன்று ஒரு சில்லறைச் சண்டை, அன்றே தீர்வு. அழுத்திப் பூசிய ஒப்பனையும் கிடையாது, தூங்கும்போதுகூடப் பட்டுச்சேலை கட்டிய மருமகளும் கிடையாது. அது பெருவெற்றி பெற்றது; மக்கள் கண்ணீர் சீரியலைத்தான் கேட்கிறார்கள் என்ற வாதம் அன்றே அடிபட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் தொழில் தன் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2020-ம் ஆண்டுக்கான மாநிலத் தொலைக்காட்சி விருதுகளை 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, சிறந்த சீரியல் என்று கொடுக்கத் தகுதியானது எதுவும் இல்லை என்று நடுவர் குழு விருதையே நிறுத்தி வைத்தது. பெண்களையும் குழந்தைகளையும் காட்டும் விதம் குறித்துக் கவலையும் தெரிவித்தது. அது துணிச்சலான முடிவு. என்றாலும், எந்தக் காட்சி ஏன் விழுந்தது, எந்த எழுத்து எங்கே முறிந்தது என்று நடுவர்கள் விரிவாக எழுதி வெளியிட்டிருந்தால் அது தொழிலுக்குப் பாடமாக இருந்திருக்கும். நடுவர் குழு கதவை மூடியதோடு நின்றுவிட்டது.

மகளிர் ஆணைய ஆய்வின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. 2017-18-ல் நடந்த அந்த ஆய்வு கருத்துக் கேட்டது 13 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களிடம். பிள்ளைகளின் கருத்து வேண்டியதுதான். ஆனால் சீரியலை உண்மையில் பார்த்து, வாதாடி, திட்டி, மறுநாளும் பார்க்கும் நடுவயதுப் பெண்ணைக் கேட்காமல் அவள் மாலைப்பொழுதுக்குச் சட்டம் வகுப்பது மகளிர் பெயரிலான அமைப்புக்குப் பொருந்தவில்லை. முன்தணிக்கை யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். மாமியார் கொடுமையைத் தணிக்கைக் குழு வெட்டும் என்றால், கணவனின் கொடுமையை எதிர்த்து நிற்கும் ‘குடும்பவிளக்கு’ நாயகி சுமித்திராவையும் அதே கத்தரிக்கோல் ஒருநாள் வெட்டும். ‘குடும்பத்தைக் குலைக்கிறாள்’ என்ற புகார் அவள்மேல்தான் முதலில் வரும். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன; ஒளிபரப்பான பிறகு புகார் சொல்லும் அமைப்பும் இருக்கிறது. அவற்றை மலையாளத்தில், எளிதாக அணுகும்படி செய்வதே முதல் வேலை.

பகுதிகளுக்கு எல்லை வைக்கும் யோசனையை மட்டும் நான் மனதார வரவேற்கிறேன், சட்டமாக இல்லாமல் நடைமுறையாக. 30 பகுதி மிகக் குறைவு என்றால் 100 வைத்துக்கொள்ளலாம். ‘குடும்பவிளக்கு’ விவாகரத்தோடும் சுமித்திராவின் சொந்தத் தொழிலோடும் முடிந்திருந்தால் அது நினைவில் நிற்கும் படைப்பாகியிருக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நீட்டியதற்குக் கதையில் காரணம் இல்லை. சுருக்கினால் வேலை போய்விடும் என்று சின்னத்திரைக் கலைஞர்கள் அஞ்சுவதை லேசாகத் தள்ள முடியாது. புளியறக்கோணம், திருவல்லம் பக்கத்து ஸ்டுடியோக்களையும், படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் வீடுகளையும் நம்பி திருவனந்தபுரத்தில் நடிகர், ஒப்பனைக்காரர், லைட்மேன், டிரைவர், சாப்பாடு கொண்டுவருபவர் என்று ஏராளமான குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் மாலை நேரத்தின் நீளம் குறையப்போவதில்லை. ஐந்தாண்டு ஓடும் ஒரு கதையின் இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட கதைகள் வரும். லைட்மேனுக்கு அதே நாட்கள் வேலை. எழுத்தாளருக்குப் பத்து வாய்ப்பு. நாற்பது வயதைத் தாண்டியதும் ‘அம்மா’ பாத்திரத்தில் அடைபட்ட நடிகைக்குப் பத்து வெவ்வேறு பெண்கள். சலச்சித்திர அகாதமி இதைத் தொடங்கி வைக்கலாம்: முடிந்த கதைக்கு மட்டுமே சீரியல் விருது என்று ஒரு விதி, கூடவே பார்வையாளர் சிலரையும் நடுவர் மேசையில் உட்கார வைப்பது. “இவன் ஏன் டெஸ்ட் எடுக்கவில்லை?” என்று முதலில் கேட்டவர்கள் அவர்கள்தானே.